நாலு பைக்கற் கடற்பாசி

கீரையைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற திமிர் எனக்கு நாற்பத்தொன்பது வயதுவரை இருந்தது. அதை அடக்க ஒரு கொரிய அம்மா எங்கள் வீட்டுக்கு வரவேண்டியதாயிற்று.

என் மகள் ஆரணியும் ஜுன் என்ற கொரியப் பையனும் மூன்று வருடமாக விரும்பிப் பழகினார்கள். எங்கள் பக்கத்தில் அழுது, கோபித்து, பட்டினியும் கிடந்து (கிடந்தது நான்தான், அதுவும் மத்தியானம் மட்டும்) ஒருவாறு சம்மதித்துவிட்டோம். ஜுனின் அம்மாதான் பிடி கொடுக்கவில்லை. கணவரை இழந்தவர், ஒரே மகன். கடைசியில், ஒரு ஞாயிறு மத்தியானம் கனடாவின் அஜக்ஸ் நகரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிடுவதாகவும், எங்களைப் பார்த்த பிறகுதான் முடிவு சொல்வதாகவும் செய்தி அனுப்பினார். அன்று தொடங்கி ஆரணி நகம் கடித்தாள்.

"அம்மா, இடியப்பமும் சொதியும் காணும். ப்ளீஸ், புதுசா ஒண்டும் ட்ரை பண்ணாதைங்கோ" என்று நாளுக்கு மூன்று தரம் சொன்னாள்.

கேட்பேனா? அந்த ஞாயிறுதான் ஜுனின் அம்மாவுக்குப் பிறந்தநாள் என்று அவனிடம் தந்திரமாக விசாரித்து அறிந்துவைத்திருந்தேன். கொரியர்கள் பிறந்தநாளுக்குக் கடற்பாசி சூப் குடிப்பார்கள் என்று ஒரு வீடியோ சொன்னது. அதே சூப்பில் கத்தியால் வெட்டிய மாவு நூடில்ஸைப் போட்டால் தனிச் சாப்பாடாகிவிடும் என்று அடுத்த வீடியோ சொன்னது. எனக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? அந்த மனுசி ஒரு வாய் வைத்ததும் கண்கலங்கி என்னைக் கட்டிப்பிடிக்கும் காட்சிவரைக்கும் கற்பனை செய்துவிட்டேன்.

கொரியக் கடையில் காய்ந்த பாசி நாலு பைக்கற் வாங்கினேன். வீட்டில் உடைத்துப் பார்த்தால் கறுப்பாக, சுருண்டு கிடந்தது.

"என்னப்பா, தேயிலைக் கசட்டைக் காயவைச்சு விக்கிறாங்களோ?" என்றார் இவர், என் கணவர்.

"பாசியப்பா. அஞ்சு பேருக்கு."

"நாலு பைக்கற்றோ? வீடியோவிலை அந்தப் பிள்ளை ஒரு பிடிதானே போட்டவ?"

"அந்தப் பிள்ளை தனிய இருக்குதாக்கும், பாவம்."

என் கணக்கு வேறு. ஐந்து கட்டு முளைக்கீரையை அடுப்பில் வைத்தால் மிஞ்சுவது ஒரு கை. விருந்தாளியின் முன்னால் சட்டியின் அடி தெரிந்தால் எங்கள் பரம்பரைக்கே மானக்கேடு. பாசியும் கடலில் முளைக்கிற கீரைதானே, சுருங்கத்தானே செய்யும்? நாலையும் பெரிய பானையில் கொட்டி, தண்ணீர் விட்டுவிட்டுக் குளிக்கப் போனேன்.

சேலை கட்டிக்கொண்டிருக்கும்போது கீழேயிருந்து இவர் கத்தினார்.

"இஞ்சை ஓடிவாரும்! உது வளருது!"

பானையின் மூடி எழும்பி நின்றது. பக்கத்தால் பச்சைப் பசேலென்று பாசி வழிந்து, அடுப்பைத் தாண்டி, நிலத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. ஆட்டிறைச்சிச் சட்டியில் பாதியைப் போட்டேன், நிரம்பியது. சோற்றுப் பானை, வாளி, சிங்க், எல்லாம் நிரம்பின. அள்ள அள்ள வந்தது. கடைசியில் இருவரும் வாளி வாளியாக மேல்மாடிக்குக் காவிக்கொண்டுபோய்க் குளியல் தொட்டியில் கொட்டித் திரையை இழுத்து மூடினோம்.

"ஆரும் கேட்டால் மூலிகைக் குளியல் எண்டு சொல்லுவம்" என்றார் இவர். ஒரு சட்டிப் பாசியை மட்டும் வைத்துக்கொண்டு சூப்பைக் காய்ச்சி, நூடில்ஸைப் போட்டு இறக்கவும் வாசல் மணி அடித்தது.

ஆரணியும் ஜுனும் காரில் கூட்டிவந்த அவனுடைய அம்மா சின்ன உருவம், நேரான முதுகு. நூடில்ஸை ஒரு வாய் எடுத்தார். கண்கலங்கவில்லை. இன்னொரு வாய் எடுத்தார். ஆரணி என்னைப் பார்த்தாள், நான் கோப்பையைப் பார்த்தேன். அவர் மெதுவாகத் தலையாட்டி, கோப்பையைக் காலியாக்கிவிட்டுக் கை கழுவ எழுந்தார்.

கீழ் பாத்ரூமில் இவர் தன் சேட்டுக் கையில் ஒட்டிய பாசியைக் கழுவிக்கொண்டிருந்தார். ஆரணி, ஒன்றும் அறியாதவள், ஜுனின் அம்மாவை மேலே கூட்டிப்போய் விட்டுவிட்டு வந்தாள். (நான் எழும்புமுன் மேலே கதவு சாத்தும் சத்தம் கேட்டது.) திரைக்குக் கீழால் ஒரு முழப் பாசி வெளியே தொங்கியதாம். யார்தான் திரையை விலக்காமல் இருப்பார்கள்?

இறங்கி வந்தவரின் முகம் வெளிறியிருந்தது. ஆரணியின் வயிற்றைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். கொரிய மொழியில் ஏதோ கேட்டார். ஜுனின் காதிரண்டும் சிவந்துபோயின.

"என்னவாம்?" என்றேன்.

ஜுன் ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறினான். "எத்தனை மாதம் என்று அம்மா கேட்கிறார்."

"எதுக்கு எத்தினை மாசம்?" என்றார் அப்போதுதான் வெளியே வந்த இவர்.

பிறகுதான் விளங்கியது. நாங்கள் பிள்ளை பெற்றவளுக்குச் மல்லி, மிளகு என்று சரக்கு அரைத்துக் கறி வைப்பதுபோல, அவர்கள் வாரக்கணக்காகப் பாசி சூப்தான் கொடுப்பார்களாம். இவ்வளவு பாசி கிடக்கும் வீட்டில் வேறென்ன நடக்கப்போகிறது? அவசரக் கல்யாணத்துக்குத் தன்னை ஏமாற்றிக் கூப்பிட்டிருக்கிறோம் என்று அந்த மனுசி நினைத்துவிட்டார்.

"அம்மா! வட் டிட் யூ டூ?" ஆரணி அழத் தொடங்கினாள். என் பிள்ளையின் மூன்று வருடத்தை நானே நாசமாக்கிவிட்டேன்.

வெட்கத்தை விட்டு எல்லாவற்றையும் சொன்னேன்: ஐந்து கட்டுக் கீரை, ஒரு கை, சட்டியின் அடி, பரம்பரை மானம். ஜுன் ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தான். அந்த அம்மா அசையாமல் கேட்டார். பிறகு படிக்கட்டிலேயே உட்கார்ந்து, முகத்தைக் கைகளால் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். தோள் குலுங்கிய குலுக்கலில்தான் சிரிப்பென்று தெரிந்தது.

அடுத்த அரைமணி நேரம் நானும் அந்த அம்மாவும் தொட்டிக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று பாசியைப் பிழிந்து பைகளில் கட்டினோம். அவர் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், என்னைப் பார்க்காமலே சொன்னார்: "கணவர் போனபிறகு எனக்காக ஒருவரும் பிறந்தநாள் சூப் வைத்ததில்லை. நீங்கள் ஒரு ஊருக்கே வைத்திருக்கிறீர்கள். கல்யாணத்தைச் செய்வோம்."

ஈரக்கையோடு அவரைக் கட்டிப்பிடித்து அழுதேன். அவருடைய நல்ல சட்டையின் முதுகில் என் ஐந்து விரலும் பச்சையாகப் பதிந்தன.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நான் எதைச் சமைத்தாலும் "எத்தினை பைக்கற்?" என்று கேட்காமல் ஒருவரும் சாப்பிட உட்காருவதில்லை. சம்பந்தியம்மா அந்தக் கேள்வியைத் தமிழிலேயே கேட்பார்.

போன மாதம் ஆரணி வீடியோவில் கூப்பிட்டாள். பக்கத்தில் சம்பந்தியம்மா. ஆரணி ஏதோ சொல்ல வந்து, சொல்லமுடியாமல் சிரித்தாள். சம்பந்தியம்மா ஃபோனைப் பறித்து, மனப்பாடம் செய்துவைத்திருந்த ஒரு வரியைச் சொன்னார்:

"அக்கா, தொட்டியைக் கழுவுங்கோ!"

எனக்கு விளங்க முதல், இவர் மேல்மாடிக்கு ஓடிப்போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டார்.