முருகவேல் ஏறிய நான்கு படிகள்

ஞாயிற்றுக்கிழமைக்குள் தலைவராகிவிடுவது என்று முருகவேல் முடிவெடுத்தார். நாட்டுக்கல்ல, தெருவுக்கு.

பௌர்ணமி வந்தால் போதும், கிரிவலம் வருகிறவர்களின் கார்கள் அந்தத் தெருவில் ஒரு கேட்டைக்கூடத் திறக்கவிடாமல் நிற்கும். அதைத் தடுக்க ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு தலைவர் வேண்டும் என்றது தெரு. முருகவேல் உடனே ‘நான்கே படிகளில் தலைமை’ என்ற ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தார்.

முதல் படி, விடியற்காலை ஐந்து மணிக்கு எழுவது. எழுந்தார். எழுப்பியவர் மனைவி கீதாஞ்சலி.

இரண்டாம் படி, பிறர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பது. “ஏங்க, சிலிண்டர் தீர்ந்துடுச்சு” என்றார் கீதாஞ்சலி. முருகவேல் தலையாட்டியபடி முழுமையாகக் கேட்டார். சிலிண்டர் மட்டும் வரவில்லை.

மூன்றாம் படி, பொறுப்புகளைப் பிறரிடம் ஒப்படைப்பது. இதைக் கண்டுபிடித்தவர் சத்தியமாக ஓர் ஆண்பிள்ளைதான்.

“கீதா, வீடு வீடா போயி யாருக்கு இன்னா கஷ்டம்னு எழுதிக்கினு வா.”

“நீங்க?”

“நான் ஒருங்கிணைக்கிறேன்.”

“எங்கேர்ந்து?”

“சோபாலேர்ந்துதான். தலைவர் தெருவுல அலைஞ்சா மரியாதை கம்மியாயிடும்.”

“அப்ப போலீஸ் ஸ்டேஷனுக்கு?”

“அதுவும் உன் பொறுப்பு. உன் மேல அவ்ளோ நம்பிக்கை!”

“ரொம்ப ஜாஸ்தியா நம்பாதீங்க” என்று கீதாஞ்சலி செருப்பை மாட்டினார்.

இருபத்திரண்டு வீடு ஏறி இறங்கினார். இரண்டு சண்டைகளைத் தீர்த்தார். பௌர்ணமியன்று தெருமுனையில் தடுப்பு வைக்க ஸ்டேஷனில் சம்மதம் வாங்கினார். அதற்குள் முருகவேல் நான்காம் படியான செல்வாக்குக்கே போய்விட்டார். தெருவின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் ரோஜாப்பூவுடன் காலை வணக்கம்!

ஞாயிறு கூட்டம். எதிர்வீட்டு மெஹ்ருன்னிசா எழுந்தார். “கீதாவே தலைவரா இருக்கட்டும். நான் முன்மொழியறேன்.”

முருகவேல் பதறினார். “அந்த வேலையெல்லாம் நான் ஒப்படைச்சதும்மா!”

“செஞ்சது யாருண்ணா?”

“கீதாதான்… ஆனா திட்டம் என்னுது.”

“திட்டத்தைக் கொண்டுபோயி தெருமுனையில நிறுத்தினா கார் உள்ள வராம நிக்குமா?”

தெருவே சிரித்தது.

“வழிமொழிய ஒருத்தர் வேணுமே” என்றார் மெஹ்ருன்னிசா. எல்லோரும் முருகவேலைப் பார்த்தார்கள். கீதாஞ்சலியும் திரும்பிப் பார்த்தார், மெதுவாக.

சட்டைப்பையில் மூன்று பக்க ஏற்புரை. கண்ணாடி முன் நான்கு நாள் ஒத்திகை பார்த்தது. முருகவேல் எழுந்து, தொண்டையைச் செருமி, தம் அரசியல் வாழ்வின் முதலும் கடைசியுமான உரையை ஆற்றினார்.

“வழிமொழியறேன்.”