தனித்தனியின் இரண்டாவது கம்ப்யூட்டர்

மழைக்கு ஒரு குடை, வெயிலுக்கு ஒரு குடை என்று வைத்திருந்த மனிதன் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே அவன் ஒருவன்தான். இதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன். மழைக்குடையை வெயிலில் விரித்தால் துணிக்குத் தன் வேலை மறந்துவிடுமாம். டீக்கு ஒரு டம்ளர், காபிக்கு ஒரு டம்ளர். மோட்டார் சைக்கிளைத் துடைக்கும் துணி அதன் கண்ணாடி மேல் படக்கூடாது. ஓட்டலில் சாம்பாரும் சட்னியும் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் இட்லியையே நகர்த்தி வைத்துவிட்டு எழுந்துவிடுவான். துருகம் ரோட்டில் அவன் பெயர் யாருக்கும் தெரியாது. தனித்தனி என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பான்.

அவன் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தான். அந்தக் கடைக்கு மேலே மாடியறையில் நான் குடியிருந்தேன். அரசாங்கக் குமாஸ்தா, குடும்பம் திருக்கோவிலூரில், வாரக் கடைசியில் பெரும்பாலும் தனிக்கட்டை. ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் கீழே இறங்கி அவன் கடையில் உட்காருவது எனக்குச் சினிமாவுக்குப் போவது மாதிரி.

ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் தனித்தனி லாரி ஓட்டுவான். கம்ப்யூட்டரில்தான். ஏதோ வெளிநாட்டு விளையாட்டு. பனி கொட்டும் சாலை, இரண்டு பக்கமும் ஊசியிலை மரம், ரயில் நீளத்துக்கு ஒரு லாரி. அதை அவன் வெள்ளிமலை பஸ்ஸாகப் பாவித்து ஓட்டுவான். டிரைவர், கண்டக்டர், பிரயாணிகள், நடுவில் ஏறும் ஆடு, எல்லாம் அவன் வாய்தான்.

"கச்சிராயபாளையம் எறங்குறவங்கல்லாம் முன்ன வாங்க. யம்மா, கூடைய எட்து மடியில வெச்சிக்கோ. இன்னாது, பஸ்ஸுக்குள்ள ஏன் குளுருதா? அது ஒண்ணும் இல்லம்மா, வெளிய பனிக்கட்டி வுழுது. நம்ம ஊர்ல இப்ப அது ஒண்ணுதான் கொறைச்சல்."

ரிப்பேருக்குப் பெட்டி கொண்டு வந்தவர்கள் பெட்டியை மறந்துவிட்டு நின்று சிரிப்பார்கள். ஒருமுறை பக்கத்து மருந்துக் கடைக்காரர் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்து, தன் கடைக்கே மருந்து வாங்கப் போனார்.

இதை இன்டர்நெட்டில் லைவாக விடப்பா, நாடே சிரிக்கும் என்று நான்தான் சொன்னேன். வேறு யாராக இருந்தாலும் அன்று மாலையே ஆரம்பித்திருப்பார்கள். நான் சொன்னதோ தனித்தனியிடம்.

"ஒரே சிஸ்டத்துல வெளயாடிகினு அதுலயே லைவும் வுட்டா ரெண்டும் கெட்டுப் பூடும் சார். படம் திக்கும். வெளயாட ஒண்ணு, அனுப்ப ஒண்ணு. அனுப்புற சிஸ்டம் வேற எந்த வேலையும் செய்யக்கூடாது."

ஆகவே இரண்டாவது கம்ப்யூட்டர் பிறக்க ஆரம்பித்தது. மூடிப்போன டிடிபி சென்டரிலிருந்து போர்டு வந்தது. ஒரு பள்ளிக்கூடம் கழித்துக் கட்டிய பெட்டியிலிருந்து மின்விசிறி வந்தது. முதல் கம்ப்யூட்டரின் படத்தைப் பிடித்து இரண்டாவதுக்குக் கொடுக்கும் கேப்சர் கார்டு சேலத்திலிருந்து வந்தது. அதை அவன் பஸ்ஸில் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்து, சின்னசேலம் வழியாகக் கொண்டுவந்து சேர்த்தான். மாதங்கள் ஓடின. லைவ் எப்போது என்று கேட்டால், இன்னும் அதன் வயர்களுக்குத் தனிப் பாதை போடவில்லை என்பான்.

ஒருநாள் எனக்குக் கோபமே வந்துவிட்டது. ஊர் சிரிப்பதற்கு இத்தனை முஸ்தீபா என்றேன். அவன் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தான். ஊருக்கு இல்லை சார், அண்ணனுக்கு என்றான். அதுவரை அவனுக்கு அண்ணன் இருப்பதே எனக்குத் தெரியாது.

கதை இதுதான். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் மேலே ஒரு சிற்றூரில் அண்ணனும் தம்பியும். அப்பா அம்மா இல்லை. அண்ணன்தான் கூலிக்குப் போய்த் தம்பியைப் படிக்க வைத்தார், அவனுக்காகக் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. தம்பி படித்து முடித்து, பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து மூடியைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏதோ வாங்க டவுனுக்குப் போனான். திரும்பி வந்து பார்த்தால் பெட்டிக்குள்ளே அடைக்கோழி. அண்ணன்தான் வைக்கோல் பரப்பி, முட்டைகளை அடுக்கி, கோழியை உட்கார வைத்திருந்தார். சும்மாக் கிடக்கிற பெட்டிதானே என்பது அவர் கணக்கு. கோழி அடைகாக்கும் பெட்டியில் மனுஷன் எப்படி வேலை செய்வது என்று தனித்தனி கத்தினான். கோழியையும் முட்டையையும் தூக்கி வெளியே வீசினான். கோழிக்கு இருக்கிற பொறுப்புகூட உனக்கு இல்லை என்று அண்ணன் ஒரே வார்த்தை சொன்னார். அவ்வளவுதான். பேச்சு நின்றுபோயிற்று.

நம் ஊர்ப்பக்கம் பேச்சு நின்றால் எப்படி நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும். யார் முதலில் வாய் திறக்கிறாரோ அவர் தோற்றவர். ஒரே வீட்டுக்குள் இருந்தால் தூணைப் பார்த்துப் பேசலாம், பூனையிடம் சொல்லி அனுப்பலாம். இவன் டவுனில், அவர் மலையில். நடுவில் தூணும் இல்லை, பூனையும் இல்லை. லைவ் வீடியோ என்பதே அந்தத் தூணுக்காகத்தான் கண்டுபிடிக்கப்பட்டது என்று தனித்தனி முடிவு செய்திருந்தான். லாரி ஓட்டிக்கொண்டே உலகத்தைப் பார்த்துப் பேசுவது போல நடுவில் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டுவிடலாம். அவனும் தோற்கமாட்டான், அண்ணனும் தோற்கமாட்டார். ஆனால் அந்த இடத்தில் படம் திக்கிவிடக்கூடாது. அதற்குத்தான் இரண்டாவது கம்ப்யூட்டர்.

அதற்குப் பிறகு நான் அவசரப்படுத்தவில்லை.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல நேரம் பார்த்தான். வெள்ளிமலை பஸ் கண்டக்டரிடம், அண்ணன் காதில் விழுகிற மாதிரி விஷயத்தைச் சொல்லிவைக்கச் சொன்னான். அந்த ஊரில் செல்போன் சிக்னல் கிடைப்பது ஊருக்கு மேலே ஒரு பாறையில்தான். அண்ணன் பாறை ஏறுவதாகக் கண்டக்டர் பதில் கொண்டுவந்தார்.

கடையில் கூட்டம். புதுக் கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம். கற்பூரம் காட்டி முடித்ததும், அதன் மானிட்டரை ஒரு மஞ்சள் துணியால் மூடிவிட்டான். இத்தனை பேர் நிற்கிறார்கள், பாடுபட்டுச் செய்த பெட்டி, முதல் லைவ் முடிகிற வரைக்கும் யார் கண்ணும் அதன்மேல் படக்கூடாதாம். எங்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது.

அன்றைக்கு மாதிரி அவன் என்றுமே ஓட்டியதில்லை. பனிக்காட்டு வளைவில் லாரியை நிறுத்தி, ஒரு கற்பனைப் பாட்டி இறங்குவதற்குள் அவளோடு சண்டை போட்டு, சமாதானமாகி, அவள் கூடையை எடுத்துக் கொடுத்தான். மருந்துக் கடைக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு குரல் இறங்கியது. மலையிலே எனக்கு ஒரு அண்ணன் இருக்கிறார் என்று ஆரம்பித்தான். கோழி விஷயத்தில் தப்பு என் பேரில்தான், அன்றைக்கு முட்டையை வீசின கையால் இன்றைக்கும் சோறு தின்னும்போது மனசு உறுத்துகிறது, அவர் ஒருதரம் வாடா என்றால் அடுத்த பஸ்ஸிலே ஏறிவிடுவேன் என்று சொல்லிக் கேமராவைப் பார்த்துக் கும்பிட்டான். லாரி பாட்டுக்குப் போய்ப் பனிப்பள்ளத்தில் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை.

எல்லாம் முடிந்து மஞ்சள் துணியை விலக்கினான். திரை முழுக்க ஒரே செய்தி ஏணி மாதிரி ஏறிக்கொண்டிருந்தது. அண்ணா சத்தம் வரல. அண்ணா மைக் பாருங்க. ப்ரோ சவுண்டு இல்ல.

படத்துக்கு ஒரு வயர், குரலுக்குத் தனி வயர் என்று இழுத்திருந்தான். குரல் வயரை விளையாடும் கம்ப்யூட்டரில் செருகிவிட்டு, அனுப்பும் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோகவே இல்லை. சோதனை பார்த்தபோதெல்லாம் நாங்கள் பக்கத்திலேயே நின்றதால் அவன் குரல் நேராகவே எங்கள் காதில் விழுந்துவிட்டது. குறை யாருக்குத் தெரியும்?

மறுநாள் முதல் பஸ்ஸில் அண்ணன் வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர், தோளில் ஒரு மூட்டை. கடைக்குள் வந்து தம்பியைப் பார்க்காமல் என்னைப் பார்த்து நின்றார்.

"அவன்கிட்ட சொல்லுங்க சார். படம் வந்துச்சி. சத்தம் வரல."

"மைக்கு வயரு மாறிப்போச்சின்னு சொல்லுங்க சார்," என்றான் தனித்தனி, என்னைப் பார்த்து. இருவருக்கும் இடையே ஒரு மேசைதான் இருந்தது. நான் தூணாக நின்றேன்.

"கடைசில கும்பிட்டானே, இன்னா சொல்லிகினு கும்பிட்டான்னு கேளுங்க."

தனித்தனி மைக்கை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான். நானே சொல்லிவிடுகிறேன் என்று முன்னால் வந்தேன். அவன் என் கையைப் பிடித்தான்.

"வேணாம் சார். நீங்க சொன்னா அது உங்க வார்த்தையாப் பூடும். சரி பண்ணிட்டுத் திரும்ப லைவ்லயே சொல்றேன்னு சொல்லுங்க."

அண்ணனும் அதற்கு ஒத்துக்கொண்டார். அவன் வாயாலேயே வரட்டும் சார், நான் பாறையில் இருக்கிறேன் என்றார். மூட்டையை என் காலடியில் இறக்கினார். மரவள்ளிக் கிழங்கு. உங்களுக்குத்தான் சார், ஒரு ஆளுக்கு ஜாஸ்தியாக இருந்தால் பக்கத்தில் யாருக்காவது கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். கிழங்கை இரண்டு பேரும் வேகவைத்துத் தின்றோம். தனித்தனி வழக்கத்துக்கு மாறாக என் தட்டிலேயே கைவைத்துத் தின்றான்.

வயரை மாற்றுவது ஒரு நிமிஷ வேலை. அதைச் செய்துவிட்டு அன்று மாலையே பேசியிருந்தால் இந்தக் கட்டுரையை நான் சிரித்துக்கொண்டே முடித்திருப்பேன். அவனோ இந்த முறை பிசகவே கூடாது என்று நினைத்துவிட்டான். குரலுக்கென்று தனிப் பெட்டி வாங்கினான். கரண்ட் போனால் தாங்க அதற்குத் தனி பேட்டரி. பஸ் ஹாரன் உள்ளே வராமலிருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை. ஒவ்வொரு ஞாயிறும் அண்ணன் பாறை ஏறி உட்கார்ந்து, லைவ் வருமா என்று காத்திருந்துவிட்டு இறங்கிவிட்டதாகக் கண்டக்டர் சொல்லுவார். அடுத்த வாரம் நிச்சயம் என்று இவன் சொல்லி அனுப்புவான். இந்த அடுத்த வாரங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

மழைக்காலத்தில் ஒருநாள் கண்டக்டர் கடைவாசலில் வந்து நின்றார், உள்ளே வரவில்லை. அண்ணனுக்கு ராத்திரி நெஞ்சுவலி, கீழே இறக்கிக் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது என்றார்.

நானும் கூடப் போனேன். அங்கே போய் அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்ததும் தனித்தனி பேசினான். தூண் இல்லை, நடுவில் ஆள் இல்லை, நேராக அவர் முகத்தைப் பார்த்து, அண்ணே என்று ஆரம்பித்து, கோழியிலிருந்து ஒன்று விடாமல் சொன்னான். வீட்டுக்கு வெளியே மழையில் நின்றவர்களுக்குக்கூட ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது. அவர் ஒருவருக்குத்தான் கேட்கவில்லை.

ஊர் திரும்பியதும் இரண்டாவது கம்ப்யூட்டரைக் கழற்றி, வேண்டியவர்களுக்கு வேண்டிய பாகத்தைக் கொடுத்துவிட்டான். நான் மாற்றலாகித் திருக்கோவிலூருக்கே வந்துவிட்டேன். அவன் இப்போது ஞாயிறுதோறும் லைவ் வருகிறான். ஒரே கம்ப்யூட்டர்தான், அதிலேயே ஓட்டுகிறான், அதிலேயே அனுப்புகிறான். படம் பயங்கரமாகத் திக்குகிறது. லாரி ஒரு மரத்தில் ஏறி நின்றுவிடும், பேச்சு மட்டும் போய்க்கொண்டே இருக்கும். ஒருமுறை போனில் இதைச் சொன்னேன். "படம் நின்னா நிக்கட்டும் சார், பேச்சு போவுதுல்ல," என்றான்.

எனக்கு அந்த விளையாட்டு இன்றுவரை புரியவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் லைவ் முடிகிற வரைக்கும் என் வீட்டில் யாரும் என்னிடம் வேலை சொல்வதில்லை. யாராவது வந்து கேட்டால், உள்ளே தம்பி பேசிக்கொண்டிருக்கிறான், அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று என் மனைவி சொல்லி அனுப்பிவிடுகிறாள்.