நாலாவது எலுமிச்சம்பழம்

என் மகள் கார் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நான், என் காலடியில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவேன். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். (போன வாரம் கால் சுளுக்கிக்கொண்டது.) இந்த வியாதி எனக்கு அபுதாபியில் தொற்றியது.

எழுபதுகளின் கடைசி. நான் ஒரு டயர் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். எங்கள் டயர்களை அந்த ஊர் வெயிலில் ஓட்டிப் பார்த்துச் சொல்ல, ஓய்வுபெற்ற பிரெஞ்சு கார் பந்தய வீரர் ஒருவரை வரவழைத்திருந்தார்கள். பெயர் லூசியன். பதினொரு வருடம் பந்தயம் ஓட்டியவர். ஜெயித்தது இரண்டே தடவை. கடைசிப் பந்தயத்தில் கார் மூன்று குட்டிக்கரணம் அடித்தது. அவர் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, அத்தோடு தொழிலை விட்டுவிட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு என் மனைவி கல்யாணி, எட்டு மாதக் குழந்தையோடு துபாயில் வந்து இறங்குவதாக இருந்தது. குழந்தையை நான் போட்டோவில்தான் பார்த்திருந்தேன். கல்யாணிக்கு அதுதான் முதல் விமானப் பயணம். "நீங்க வெளியில நிப்பீங்கள்ல?" என்று மூன்று கடிதங்களில் கேட்டிருந்தாள். நிற்பேன் என்று மூன்றுக்கும் பதில் எழுதியிருந்தேன்.

அன்று லூசியனும் துபாய் போவதால் என்னை ஏற்றிக்கொள்வதாகச் சொன்னார்.

"குடுத்து வச்சவன் மக்கா," என்றான் அறை நண்பன் சேவியர், குளச்சல்காரன். "ரெண்டு மணி நேர ரோடு. அந்தாளு முக்கால் மணியில கொண்டு சேத்துருவாரு. எங்கன்னு மட்டும் கேக்காத."

சேவியர் மீன் வறுவலுக்கு வைத்திருந்த நாலு எலுமிச்சம்பழங்களை எடுத்துப் போய், ஊரில் செய்வதுபோலவே, லூசியனின் கார் டயர்களுக்கு முன்னால் ஒவ்வொன்றாக வைத்தேன்.

பந்தய வீரர்கள் காரில் ஏறுமுன் டயர்களைக் குனிந்து பார்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது.

"இது என்ன?" என்றார் லூசியன்.

"பாதுகாப்பு, சார். ஏறி நசுக்கினால் விபத்து வராது."

சிரிப்பார் என்று நினைத்தேன். "மொத்தம் எத்தனை?" என்று கேட்டார்.

"நாலு."

மிகுந்த மரியாதையோடு காரை நகர்த்தி, இறங்கிப் பார்த்தார். மூன்று நசுங்கியிருந்தன. நாலாவது வழுக்கிச் சாக்கடைக்குள் போயிருந்தது.

"மூணு போதும், சார்."

"நாலு என்றாய்."

"நாலாவது சும்மா ஒரு மரியாதைக்கு."

"கடைசிப் பந்தயத்தன்று என் இடது கையுறையைக் காணவில்லை. அது சும்மாதான் என்று மெக்கானிக்கும் சொன்னான்." இன்ஜினை அணைத்தார்.

வெள்ளிக்கிழமை மதியம். வார விடுமுறை என்பதால் ஊரில் ஒரு கடைகூடத் திறந்திருக்கவில்லை. மூடிய மளிகைக் கடை வாசலில் நாலு மணி வரை காத்திருந்தோம். தலைக்கு மேலே ஒரு விமானம் போனது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பழம் கிடைத்ததும் பறப்பார் என்று நினைத்தேன். ஒட்டகத்தைக் கண்டால் நிறுத்தினார். ஒட்டகம் இல்லாத இடத்தில், வரக்கூடும் என்று நிறுத்தினார். (அன்று என் கால் மிதித்தது இல்லாத ஆக்ஸிலேட்டரை. பிரேக்குக்கு மாறியது மகள் ஓட்டத் தொடங்கிய பிறகு.)

ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். கல்யாணி பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அழுது முடித்த முகம், இரண்டு பேருக்கும்.

"எங்க போயிருந்தீங்க?"

"எலுமிச்சம்பழம் வாங்க."

(டயர் வெடித்தது என்று சொல்லியிருக்கலாம். டயர் கம்பெனியில் வேலை பார்த்தும் அது தோன்றவில்லை.)

குழந்தையைக் கையில் வாங்கினேன். என்னைப் பார்த்ததும் வீறிட்டது. அதற்குள் லூசியன் நாலு டயர்களையும் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, "குழந்தை வருகிறது. பழம் இல்லாமல் எடுக்க மாட்டேன்," என்றார்.

"என்னவாம்?" என்றாள் கல்யாணி. சொன்னேன்.

எங்கள் இருவரையும் ஒரு நிமிடம் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பையைத் திறந்து, நான் ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டிருந்த எலுமிச்சை ஊறுகாய் ஜாடியை எடுத்து அவரிடமே நீட்டினாள்.

நாலு டயருக்கும் நாலு துண்டு. ஒன்றுகூட வழுக்கவில்லை. "பழத்தைவிட இது டயரை நன்றாகப் பிடிக்கிறது," என்றார் லூசியன், துணியில் விரலைத் துடைத்தபடி.

அந்த எட்டு மாதக் குழந்தைதான் நாற்பது தாண்டி இப்போது லைசென்ஸ் வாங்கியிருப்பவள். நான் நாலு டயர்களையும் குனிந்து பார்த்துவிட்டு ஏறுவதற்குள், "அம்மா, ஊறுகாய் எடுத்துக்கிட்டியா?" என்று குரல் கொடுப்பாள்.

"எதுக்குடி?" என்பாள் கல்யாணி. "உங்கப்பாதான் அன்னைக்கே பழம் வாங்கப் போயிருக்காரே. இன்னும் வரல."