மாவீரரின் கோட்டும் மாப்பிள்ளையின் மார்பளவும்

மரியாதைக்குரிய மாப்பிள்ளைக்கு,

முகாம் தையற்கூடத்திலிருந்து மூத்த மைத்துனன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், மெஷின், என் இடுப்பு வலி மூவரும் சுகம். அங்கே நீங்களும், தங்கச்சியும், முப்பத்தோரு வருஷமாக நீங்கள் பொத்திப் பொத்தி வளர்க்கும் கோபமும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடிதத்தைக் கிழிக்கும் எண்ணம் இருந்தால், முழுக்கப் படித்துவிட்டுக் கிழிக்கவும்.

விஷயம் இதுதான். எங்கள் படைப்பிரிவு ஆற்றுப் பாலத்தைப் பிடித்து வருகிற வெள்ளிக்கிழமையோடு நூறு வருஷம். அலுவலக வாசலில் குதிரைமேல் வெண்கலமாய் உட்கார்ந்திருக்கிறாரே மாவீரர், அவருடைய அசல் கோட்டை ஒருவர் அணிந்து அணிவகுப்புக்கு முன்னால் நடக்க வேண்டும் என்று தளபதி உத்தரவு போட்டார். சும்மா இருந்திருக்கலாம். என் வாய் இருக்கிறதே! "ஆளைக் கொடுங்க சார், அரை மணியில மாட்டி விடுறேன். முடியலன்னா இந்த இஞ்சு டேப்பைக் கழட்டி வெச்சிட்டு வீட்டுக்குப் போயிடறேன்" என்று அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டேன்.

முகாம் அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மா வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு கோட்டு இருந்த கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். கத்தரி படக்கூடாது, ஒரு தையலும் பிரிக்கக்கூடாது என்று நிபந்தனை வேறு. கோட்டை வெளியே எடுத்ததும் தளபதி, "இது அவரோட பையன் கோட்டா?" என்றார். "அவரோடதுதான் சார். தோள்ல பாருங்க, குண்டு துளைச்ச ஓட்டை" என்றார் அம்மா. வாசலில் இருக்கும் சிலையின் பூட்சுக்குள் அந்தக் கோட்டுக்காரரை முழுசாக உட்கார வைத்துவிடலாம் மாப்பிள்ளை.

முதலில் வந்தவன் பளு தூக்குகிற சிப்பாய். கை முழங்கை வரை போனது, அதற்கப்புறம் முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை, பாவம், மத்தியானச் சாப்பாட்டை இடது கையால் முடித்தான், பிறகு ஒரு டப்பா பவுடர் கொட்டி இரண்டு பேர் சேர்ந்து உருவினோம். அடுத்து, முகாமிலேயே ஒல்லி என்று பெயரெடுத்த ஊதுகுழல்காரன். இரண்டு கையும் நுழைந்தது, ஆனால் பட்டனுக்கும் காஜாவுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. கடைசியில் தளபதியே, "நான் ஒடிசலான உடம்புதான்யா" என்று மூச்சை உள்ளே இழுத்து எல்லாப் பட்டனையும் போட்டுக்கொண்டார். அசல் மாவீரர்தான்! முகம் மட்டும் கத்தரிக்காய் நிறத்துக்குப் போனது. அம்மா பயந்துபோய், "சார், ஏதாவது பேசுங்க" என்றார். பேசினார். நடுப்பட்டன் பறந்து வந்து என் டீயில் விழுந்தது.

அப்புறம்தான் அம்மா பழைய ஆட்பதிவேட்டைத் தூசி தட்டினார். மாவீரர் உயரம் ஐந்தடி இரண்டு, மார்பு முப்பத்தொன்று. அவரோடு பாலத்தைப் பிடித்த அத்தனை பேரும் அப்படித்தான். அந்தக் காலத்தில் நீங்கள் போய் நின்றிருந்தால் நடுவாந்தரமான ஆள் என்று எழுதியிருப்பார்கள். இப்போது வருகிற பிள்ளைகள் நன்றாகச் சாப்பிட்டு, இரும்பு தூக்கி, கதவுக்குக் கதவு தலை குனிகிறார்கள். முப்பத்தொன்று என்று படித்ததும் எனக்குப் பொறி தட்டியது. ஆள்சேர்ப்பு நாளில், அளவெடுப்பவர் வரவில்லை என்று என்னைக் கூப்பிட, நான் உங்களை அளந்து, "முப்பத்தொன்று, ஒரு இஞ்சு குறைவு" என்று கத்தினேனே, அதே முப்பத்தொன்று! அதற்குப் பிறகு பதினோரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்து, "இன்னொரு தடவை அளந்து பாருங்க" என்றீர்கள். "என் டேப்பு பொய் சொல்லாது" என்று துரத்தினேன். பன்னிரண்டாம் நாள் என்னிடம் ஒன்றும் கேட்காமல், தங்கச்சியைப் பெண் கேட்டீர்கள்.

போன மாதம் தங்கச்சி கொடுத்தனுப்பிய உங்கள் சட்டையைக் கோட்டோடு வைத்து அளந்தேன். நூல் பிசகவில்லை. முகாம் வாசலை மிதிக்க மாட்டேன் என்று நீங்கள் சொன்னது தெரியும். ஆனாலும் வாருங்கள் மாப்பிள்ளை. அன்று உள்ளே விடாத அதே வாசலில், ஆறடிப் பிள்ளைகள் எல்லாம் உங்கள் பின்னால் நடக்க வேண்டும். அதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது.

தங்கச்சிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், உங்கள் கோபத்துக்கு ஒரு கும்பிடு.

இப்படிக்கு,
டேப்பு தவறாத மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள், கண்ணாடிப் பெட்டியைச் சரி செய்ய வந்த தச்சர் தன் இரும்பு அளவுகோலை என் டேப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். டேப்பில் முப்பத்தொன்று என்றால் இரும்பில் முப்பத்திரண்டு. துணி டேப்பு இழுபட்டு நீண்டிருக்கிறது. பிற்பாடு நீண்டது என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை; டாக்டர் எழுதி அனுப்பும் அளவை வைத்து இதே டேப்பால் நான் தைக்கிற சட்டையெல்லாம் தொளதொள என்று இருப்பதாக, நான் வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலிருந்தே புகார். "சாப்பிட்டு ரொப்புங்கடா" என்று சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டேன். கோட்டையும் சட்டையையும் ஒரே டேப்பில் அளந்ததால் பொருத்தத்தில் மட்டும் சந்தேகம் வேண்டாம். மேலே போட்ட கையெழுத்தை அடித்துவிடுங்கள். நீங்கள் அன்றே தேறியவர். தேறியிருந்தால் தங்கச்சியை யார் கேட்டிருப்பார்கள் என்று நினைத்தால் சிரிப்பும் வருகிறது, கண்ணும் கலங்குகிறது. தச்சரிடம் அளவுகோலை இரவல் வாங்கி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை வாசலிலேயே நிற்பேன். வாருங்கள், இன்னொரு தடவை அளந்து பார்க்கிறேன்.