அத்தையின் பல் சந்தும் என் ஸ்கேனரும்

நான் நல்ல பல் வைத்தியர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் படித்து முடித்தபின் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நுவரெலியாவில் இருக்கும் என் கிளினிக்கில் நான் பதித்த இம்ப்ளான்ட் பற்களில் ஒன்றுகூட இதுவரை ஆடியதில்லை. ஆடியவள் நான்தான். (கொஞ்ச ஆட்டமா ஆடினேன்!) அதுவும் என்னுடைய முதல் இம்ப்ளான்டிலேயே.

அப்போது எனக்கு முப்பது வயது. வாய்க்குள் விட்டால் பல், ஈறு எல்லாவற்றையும் அங்குலம் அங்குலமாகப் படம்பிடித்துத் திரையில் நிறுத்தும் ஸ்கேனர் ஒன்றைப் புதிதாக வாங்கியிருந்தேன். அது வந்த நாளிலிருந்து நோயாளிகளிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் திரை சொல்லும்போது இவர்களிடம் வேறு எதற்குக் கேட்பது என்று ஒரு எண்ணம். பிறவியிலேயே எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. ஸ்கேனர் வந்ததும் அதற்குக் கரண்டும் கிடைத்துவிட்டது.

என் அப்பாவின் அக்கா மதலேனா அத்தை, ராகலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கங்காணி. கொழுந்தெடுக்கும் முப்பது பெண்களைக் கட்டி மேய்ப்பவர். அவருடைய முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து. அந்தச் சந்தில் காற்றை விட்டு அத்தை விசிலடித்தால் ஒரு மலை தாண்டி அடுத்த மலைக்குக் கேட்கும். ஒரு நீட்டு விசில் என்றால் கொழுந்து நிறுக்க வா என்று அர்த்தம். இரண்டு வெட்டு விசில் என்றால் குளவி கலைந்துவிட்டது, அப்படியே படு என்று அர்த்தம். இரண்டு வெட்டு கேட்ட அடுத்த நொடி முப்பது பேரும் இடுப்பில் கட்டிய தடித்த படங்குத் துணியைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு செடிக்குக் கீழே கிடப்பார்கள். குளவிக் கொட்டு என்றால் எங்கள் பக்கம் விளையாட்டுக் காரியமில்லை, உயிரே போயிருக்கிறது.

ஒருநாள் மடுவக் கொட்டகையில் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தபோது தராசுக் கொக்கி ஊஞ்சலாடி வந்து அத்தையின் முன்பல் ஒன்றைக் கொண்டுபோய்விட்டது. சந்துக்கு ஒரு பக்கச் சுவர் இடிந்துவிட்டது. விசிலும் நின்றுவிட்டது. எனக்கோ டிஜிட்டல் முறையில் முதல் இம்ப்ளான்ட் செய்து ஊருக்குக் காட்ட ஒரு வாய் தேவையாக இருந்தது. அத்தை ராகலையிலிருந்து பஸ் ஏறி வந்து என் நாற்காலியில் சாய்ந்தார்.

"பாப்பா, பழைய சந்து அப்படியே வேணும். விசிலு வரணும். அதுக்குத்தான் வந்தேன்."

"வாயத் திறங்க அத்தை."

"தோட்டத்துல பிளாஸ்டிக் பீப்பி ஒண்ணு குடுத்திருக்காங்க. மழையில தண்ணி ஏறிருது. ரெண்டு கையும் கொழுந்துல இருக்கையில அத எந்தக் கையால எடுக்க? எனக்கு அந்தச் சந்துதான்..."

"வாயத் திறங்க அத்தை, ஸ்கேன் பண்ணணும்."

மூன்றாவது தடவையும் அதையேதான் சொன்னார் என்று நினைக்கிறேன். ஸ்கேனர் வாய்க்குள் இருந்ததால் "ஆ... ஊ..." என்றுதான் கேட்டது. (நானும் "சரி சரி"ன்னு தலைய ஆட்டிக்கிட்டேன்.)

வைத்தியம் என்னவோ பிரமாதம். இம்ப்ளான்ட் என்பது தாடை எலும்பில் ஒரு குட்டித் திருகாணியைப் பதித்து, எலும்பு அதைக் கவ்விப் பிடிக்கச் சில மாதம் காத்திருந்து, பிறகு அதன்மேல் பல்லை மாட்டுவது. திருகாணி எந்த இடத்தில், எந்தச் சாய்வில், எவ்வளவு ஆழத்தில் இறங்க வேண்டும் என்பதை சி.டி. ஸ்கேனைக் கொம்பியூட்டரில் போட்டு முன்கூட்டியே தீர்மானித்தேன். அதன்படி ஒரு வழிகாட்டி அச்சை முப்பரிமாணப் பிரின்டரில் எடுத்து அத்தையின் பல்வரிசையில் மாட்டினேன். அதில் உள்ள துளைவழியே கருவி நேராக இறங்கியது. ஈறைப் பெரிதாகக் கிழிக்கவில்லை, வீக்கமும் இல்லை.

"முடிஞ்சிருச்சா? நான் இன்னும் பயப்படவே ஆரம்பிக்கலையே!" என்றார் அத்தை. மூன்றாம் நாள் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போய்விட்டார். அன்று நான் கண்ணாடியில் என்னையே பார்த்துக் கைகொடுக்காத குறைதான்.

சில மாதம் கழித்து எலும்பு திருகாணியை நன்றாகக் கவ்வியதும் பல்லை வடிவமைக்க உட்கார்ந்தேன். இங்கே ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். கொம்பியூட்டர்மேல் ஒரு பிழையும் இல்லை. பக்கத்துப் பல்லைப் பார்த்து, அதன் கண்ணாடிப் பிம்பத்தை அச்சு அசலாக வரைந்து, பழைய சந்தையும் அப்படியே விட்டுத்தான் அது காட்டியது. எனக்குத்தான் பொறுக்கவில்லை. இவ்வளவு செலவழித்து வாங்கிய தொழில்நுட்பத்தில் செய்த பல்லுக்குப் பக்கத்தில் ஓட்டை இருந்தால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? பல்லை ஒரு மயிரிழை அகலமாக்கி, சந்தை அடைத்தேன். கொம்பியூட்டர் கேட்டது, மாற்றத்தைச் சேமிக்கவா? பெருமையோடு ஆம் என்று அழுத்தினேன்.

பல்லை மாட்டிக் கண்ணாடியைக் கொடுத்தேன். அத்தை பார்த்தார். நாக்கால் தடவினார். உதட்டைக் குவித்து ஊதினார். காற்று மட்டும்தான் வந்தது.

"பழகப் பழக வரும் அத்தை" என்றேன். எந்தப் புத்தகத்தில் அப்படி எழுதியிருக்கிறது என்று கேட்காதீர்கள்.

பாவம், அத்தை பழகினார். லயத்து வீட்டு வாசலில் நின்று காலையும் மாலையும் ஊதினாராம். அவர் விசிலுக்கு ஓடிவரும் நாய்கூட ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டதாம். போனில் சொன்னார், "பாப்பா, பல்லு ராசாத்தி கணக்கா இருக்கு. வேலைக்குத்தான் ஆகல." நான் பதிலுக்கு எலும்பு எவ்வளவு உறுதியாக ஒட்டியிருக்கிறது என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப எலும்பத்தான் ஊதணும் போல" என்று போனை வைத்தார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் பல்கலைக்கழகத்தில் எனக்குப் படிப்பித்த பேராசிரியர் நுவரெலியா வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசாதவர். அவரை மலைக்கே கூட்டிப்போய் அத்தையைக் காட்டி, அதை வீடியோவும் எடுத்துவிடத் தீர்மானித்தேன். தேயிலைக்கு நடுவே டிஜிட்டல் புன்னகை! கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவரை ட்ரோனோடு வரச் சொன்னேன்.

மலை உச்சியில் பேராசிரியரை நிறுத்தி, டப்லெட் கொம்பியூட்டரைக் கையில் ஏந்தி, நோயாளிக்குக் கிடைத்த பலன் என்று பேச ஆரம்பித்தேன். கீழே அத்தையும் பெண்களும் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். ட்ரோன் மேலே எழும்பி, எங்களை ஒரு சுற்றுச் சுற்றி, சவுக்கு மரத்தின் பக்கம் போனது. "மரத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி எடுங்க, நல்லா இருக்கும்" என்று யோசனை சொன்ன மேதையும் நான்தான்.

மரத்துக்குள் இருந்து வந்தது. குளவி.

அத்தைதான் முதலில் கண்டார். உதட்டைக் குவித்து ஊதினார். ஃபூ. இன்னொரு தடவை. ஃபூ. காற்று எதிர்ப்பக்கம் அடித்ததால் அவர் போட்ட சத்தமும் கீழே எட்டவில்லை. கூடையைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த வயதில், நிரை நிரையாகப் பாய்ந்து ஓடி, "குளவி! படுங்கடி!" என்று ஒவ்வொருத்தியையும் தோளைப் பிடித்துக் கீழே அமுக்கினார். மேல் நிரையில் நின்ற ஒருத்தி ஏறி வந்து பேராசிரியரை இழுத்துத் தன் படங்குக்குள் போட்டுக்கொண்டாள். வீடியோக்காரர் தன் வான் வண்டிக்குள் பாய்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். நான் டப்லெட்டைத் தலையில் பிடித்துக்கொண்டு ஓடி, தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தேன். விழுந்த இடத்தில் ஒரு குளவி காத்திருந்து, மேலுதட்டில் கொட்டியது.

நல்லவேளை, பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. நாலு பெண்களுக்குக் கொட்டு, தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து போட்டு மாலையில் வீட்டுக்கு விட்டார்கள். அத்தைக்குக் கையில் மூன்று கொட்டு. அந்தக் கையைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு வெட்டு விசிலில் முடிந்திருக்க வேண்டிய காரியம். அந்த விசிலை அடைத்தவள் நான்.

டிஸ்பென்சரி வாசலில் கிடந்த வாங்குப் பலகையில் பேராசிரியர் அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அம்மா, பல்லு எப்பிடி இருக்கு?"

"அழகா இருக்குங்க. ஆனா நான் அழகுக்குக் கேக்கலீங்க. விசிலுக்குத்தான் கேட்டேன். சந்து வேணும்னு மூணு தரம் சொன்னேன், பாப்பா வாயத் திற வாயத் திறங்குது."

பேராசிரியர் என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, இவ சொன்னதைக் கேட்டனீரே?"

விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். உதடு அதற்குள் இட்லி அளவுக்கு வீங்கியிருந்ததால் "ஆ... ஊ..." என்றுதான் வந்தது. அத்தை என் முதுகைத் தட்டிக்கொடுத்து, "சரி சரி" என்று தலையை ஆட்டினார்.

அடுத்த வாரம் அத்தையை நாற்காலியில் உட்கார வைத்து, ஸ்கேனரைத் தொடாமல், எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். நாக்கு எங்கே நிற்கும், காற்று எந்தப் பக்கம் போகும், எல்லாம் கேட்டேன். என் அகங்காரத்துக்கு முந்திய வடிவம் கொம்பியூட்டரில் அழியாமல் இருந்தது. அதை வைத்து, சந்தில் சின்னச் சின்ன வித்தியாசத்தோடு மூன்று தற்காலிகப் பற்களைப் பிரின்டரில் எடுத்தேன். சந்தை அடைத்த பல்லைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாக மாட்டினேன். முதல் பல்லில் காற்று. இரண்டாவதில் கொஞ்சம் இழுவை. மூன்றாவதை மாட்டி அத்தை ஊதியபோது, கீழே ஸ்டாண்டில் நின்ற முச்சக்கர வண்டிக்காரர்கள் எல்லோரும் ஒன்றாக நிமிர்ந்து பார்த்தார்கள். அதே அளவில்தான் நிரந்தரப் பல்லைச் செய்தேன். இன்றுவரை அசையவில்லை. தொழில்நுட்பம் நல்ல சாமான்தான். அதைப் பிடித்திருக்கும் ஆளுக்குக் காதும் இருக்க வேண்டும்.

வீடியோக்காரர் அன்று டிஸ்பென்சரி வாசலில் எடுத்த ஒரே ஒரு படம் என் கிளினிக்கில் தொங்குகிறது. அத்தை பல் தெரியச் சிரிக்கிறார், பக்கத்தில் வீங்கிய உதட்டோடு நான். புதிதாக வருகிறவர்கள் படத்தில் இருக்கும் என்னைச் சுட்டிக்காட்டி, "இவங்களுக்கு இப்ப நல்லமா டொக்டர்?" என்று விசாரிப்பார்கள். நல்லம் என்று சொல்வேன். இப்போது எந்த வாயையும் திறக்கச் சொல்லுமுன், இந்தப் பல்லால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுவிடுகிறேன்.

ஆனாலும் பிறவிக் குணம் லேசில் போகுமா? போன மாதம் றொசல்லயில் என் தம்பியின் நிச்சயதார்த்தம். பெண்ணின் அப்பா தனக்கு முழங்கால் வலி என்று சொல்ல ஆரம்பித்தார். பாதியிலேயே நான், "மாமா, நீங்க சொல்லவே வேணாம், அது என்னன்னு எனக்குத் தெரியும்" என்று தொண்டையைச் செருமினேன்.

மூலையில் இருந்து அத்தை இரண்டு வெட்டு விசிலடித்தார்.

எங்கள் குடும்பம் மொத்தமும் நாற்காலிக்குக் கீழே குனிந்தது. பெண் வீட்டார் ஒன்றும் புரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று, கையில் பிளேன்டீக் கோப்பையோடு தாங்களும் குனிந்தார்கள். எல்லோருக்கும் முந்திக் குனிந்தது நான்தான்.