பித்தளைக் கூடு மீட்ட படலம்

ஓங்குக! புரோக்கன் ஹில் நகரின் அடிவயிற்றைக் குடைந்து ஈயமும் வெள்ளியும் வாரி எடுத்த இரும்புக் கையோன், வெண்மீசைக் கொற்றவன், பழந்துப்பாக்கிக் கழகத்துத் தலைவன், எவர் கேட்டாலும் கேளாவிட்டாலும் அறிவுரை வழங்கும் வள்ளல், மெர்வ் ட்ரெகியர் என்னும் மாவீரன் ஓங்குக! அவன் பெரும்போரைப் பாடப் புகும் நாம் கலைமகளைத் துணைக்கு அழைக்கவில்லை. அந்தத் தகரக் கொட்டகையின் வெக்கை அவளுக்கு ஆகாது. ஆதலால் செம்மறி ஆட்டின் உரோமத்திலிருந்து வடித்தெடுத்த பொன்னிற நெய்யே, தோட்டாக் கூட்டுக்குத் தடவும் மசகே, நீயே எமக்குக் காப்பு. உன்னை மறந்தவர் பட்ட பாட்டைத்தான் பாடப்போகிறோம்.

வீரனின் படைக்கலமோ மார்ட்டினி. அவன் பாட்டன் பிறக்குமுன் வார்த்த துப்பாக்கி. சுண்டுவிரல் தாராளமாய் நுழையும் அகன்ற வாயும், சுட்டால் தோளைக் கழுதைபோல் உதைக்கும் குணமும் உடையது. அதற்குத் தோட்டா எந்தக் கடையிலும் கிடையாது. சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைப் பொறுக்கி, வெடித்த வெடிப்பில் உப்பிப்போன அதன் உடலை எஃகு அச்சினுள் செலுத்தி இளைக்கவைத்து, அடியில் தீப்பற்றவைக்கும் புதுப் பொட்டு பதித்து, வயிற்றில் மருந்து நிரப்பி, வாயில் ஈயக்குண்டு ஊட்டி, மறுபிறவி கொடுக்க வேண்டும். அச்சினுள் செலுத்துமுன் கூட்டுக்கு நெய் தடவ வேண்டும். தடவாவிட்டால் பித்தளையும் எஃகும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். பிறகு பிரிக்க முடியாது.

இந்த நெறியைக் காக்க மெர்வ் ஒரு சட்டம் இயற்றியிருந்தான். நெய் தடவ மறந்து அச்சில் கூட்டைச் சிக்கவைத்தவர் எவராயினும், அந்தச் சிதைந்த கூட்டைக் கழகத்துச் சுவரிலுள்ள பலகையில் ஆணியடித்து மாட்டி, கீழே தம் பெயரைத் தாமே எழுத வேண்டும். பலகை நிறையக் கூடுகள் தொங்கின. அவனோடு சுரங்கத்தில் உழைத்த யோஸ்கோ மாரிச்சின் பெயர் மட்டுமே மூன்று இடத்தில் இருந்தது. மெர்வின் பெயர் எங்குமில்லை. அந்த வெற்றிடத்தைக் காட்டித்தான் அவன் புதியவர்களுக்குப் பாடம் நடத்துவது வழக்கம்.

கழகத்தின் ஆண்டுப் போட்டிக்கு முந்திய சனிக்கிழமை அது. வெயிலில் தகரக் கூரை வெடுக் வெடுக்கென்று முனகிக்கொண்டிருந்தது. மெர்வ் வீட்டுப் பின்புறக் கொட்டகை மேசையில் அச்சு பூட்டிய கை அழுத்துப்பொறி நின்றது. அதன் அருகிலிருந்த வானொலியில் கிரிக்கெட் நடந்தது. ஓர் ஆட்டக்காரன் வீணாக ஆட்டமிழக்கக் கேட்ட வீரன் வெகுண்டெழுந்து, அவனைத் தேர்ந்தெடுத்தோர் குலத்தையும் அவர்தம் கண்பார்வையையும் குறித்து வானொலிக்கு ஓர் அறிக்கை விடுத்தான். விடுத்தவாறே ஒரு கூட்டை எடுத்தான், பொறியில் பொருத்தினான், கைப்பிடியைக் கீழே அழுத்தினான்.

கீச்சென்று ஓர் ஒலி. பன்றிக்குட்டியை மிதித்தாற்போல.

பிறகு எதுவும் அசையவில்லை.

கைப்பிடியை மேலே தூக்கினான், வரவில்லை. இரு கையாலும் தூக்கினான். ஐயகோ, பாறை பிளந்த தோள்கள் புடைக்க, கழுத்து நரம்பு கயிறெனத் திரள, மேசைமேல் ஒரு காலை ஊன்றி, மத்தளம்போல் வயிறு குலுங்க அவன் இழுத்த இழுப்பில் மேசையே தரையை விட்டு எழும்பிற்று. எழும்பிய மேசையிலிருந்து தகர டப்பாக்கள் தோற்றோடும் சேனைபோல் சிதற, ஈயக்குண்டுகள் நாலாதிசையும் உருண்டு புறமுதுகிட, கடைசியில் ‘டக்’கென்று கூட்டின் விளிம்பு பிய்ந்து கைப்பிடி மேலே பறக்க, வீரன் பின்னால் கிடந்த வெற்றுப் பெட்டிகளின் மீது மல்லாந்தான். கூடோ அச்சென்னும் கோட்டைக்குள் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தது. பிடித்திழுக்க இனி அதற்கு விளிம்புமில்லை.

முற்றுகை தொடங்கிற்று. துருநீக்கி எண்ணெயை ஊற்றினான். கூடு குளித்தது, வெளியே வரவில்லை. கம்பி வைத்துச் சுத்தியலால் அடித்தான், கம்பி வளைந்தது. குளிர்ந்தால் பித்தளை சுருங்கும் என்ற போர்த்தந்திரம் நினைவுக்கு வர, அச்சைக் கழற்றி, திருடன்போல் அடுக்களைக்குள் நுழைந்து, உறைபெட்டியில் ஆட்டு விலாத் துண்டுகளுக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டு, சீழ்க்கையடித்தபடி வெளியேறினான். வயதான காலத்தில் அவன் சீழ்க்கையடித்தால் ஏதோ நடந்திருக்கிறதென்று அவன் மனைவி கோரலுக்குத் தெரியும்.

“மெர்வ்! கறிக்கு நடுவுல என்னய்யா இரும்பு?”

“ஒண்ணுமில்ல. குளிரட்டும்னு வெச்சேன்.”

“கூடு மாட்டிக்கிச்சா?”

“மாட்டல. கொஞ்சம் தங்கியிருக்கு.”

“கிரீஸ் தடவினியா?”

அந்தக் கேள்வி வேலினும் கூரியது. எத்தனை பேரிடம் எத்தனை முறை அவனே எறிந்த வேல்! சென்ற மாதம் பால் வாங்கப் போய் நாய்க்குத் தீனி வாங்கி வந்ததும், அவர்கள் வீட்டில் நாயே இல்லாததும், அவள் அதைச் சொல்லாமல் பாலில்லாத தேநீரைக் குடித்ததும் கணப்பொழுதில் அவன் நெஞ்சில் ஓடின. ஓடவும், நிமிர்ந்து நின்று முழங்கினான்.

“யாரப் பாத்து என்ன கேக்குற? அந்தச் சட்டத்தப் போட்டவனே நான்!”

“அது எனக்குத் தெரியும். தடவினியான்னு கேட்டேன்.”

வீரன் கொட்டகைக்குத் திரும்பினான். கோரல் தொலைபேசியை எடுத்தாள்.

யோஸ்கோ வந்தான். கையில் பழைய பிஸ்கட் டப்பா. அதனுள் சிக்கிய கூட்டை மீட்கும் கருவி. மும்முறை சிக்கவைத்த அனுபவசாலி ஆகையால் அவனிடம் அது இருந்தது. ஒருமுறையும் சிக்கவைக்காதவன் ஆகையால் மெர்விடம் இல்லை. கோரல் கொட்டகைக்குக் கொண்டுவந்த குளிர்ந்த அச்சை வைஸ் என்னும் இரும்பு இடுக்கியில் இறுக்கிவிட்டு, மாற்றானின் கோட்டைக்குள் முதல் முறையாக வந்த தூதுவன்போல் சுற்றிலும் பார்த்தான்.

“தடவினியா மெர்வு?”

அப்போது வீரன் பகர்ந்த பேருரையை என்னென்பது! இக்காலத்துப் பித்தளையின் இழிவு, அதை வார்த்தவன் பெற்ற கூலிக்கு அது போதுமென்ற நினைப்பு, வெயிலில் நெய் உலரும் வேகம், சுரங்கத்துக் குப்பைமேட்டுப் புழுதி, கிரிக்கெட் என அண்டத்திலுள்ள யாவும் அதில் குற்றவாளிக் கூண்டில் ஏறின. தன் கை மட்டும் ஏறவில்லை.

“சரி சரி,” என்றான் யோஸ்கோ. கூட்டின் அடியில் துளையிட்டான். மெர்வ் கைவைக்க வந்தபோது, “தள்ளு, நீ பாறை தொளச்சவன், இது பித்தளை,” என்றான். துளையில் மரை வெட்டினான், போல்ட்டை ஏற்றினான், ஸ்பானரால் திருகினான். அரை அரைச் சுற்றாய்த் திருகத் திருக, கோட்டை வாயில் முனகி, அகழி கலங்கி, அரண் தளர்ந்து, கூடு மெல்லத் தலைகாட்டிப் பின் ‘பொளக்’கென்று வெளியே வந்து விழுந்தது.

யோஸ்கோ ஒரு வெள்ளைத் துணியை விரலில் சுற்றினான். அச்சின் உட்புறம் ஊற்றிய எண்ணெயெல்லாம் நின்றுவிட்ட வாயருகைத் தாண்டி, ஆழத்தில் கூடு உட்கார்ந்திருந்த சுவரைத் துடைத்தான். துணி வந்தது. பித்தளைத் துகள் இருந்தது. நெய்ப்பசை ஒரு துளியும் இல்லை.

மூவரும் அந்தத் துணியைப் பார்த்தார்கள்.

“டேய் மெர்வு,” என்றான் யோஸ்கோ, குரலைத் தாழ்த்தி. “மறந்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு. கூட்ட நான் பாக்கெட்டுல போட்டுக்கிறேன். பலகைக்கு வராது. நானும் வாயத் தெறக்க மாட்டேன்.”

“சொல்லேன்யா,” என்றாள் கோரல். “மறந்தா மறந்துட்டுப் போவுது. யாரு மறக்கல?”

ஒரு சொல்தான். ஆயினும் அச்சொல்லைச் சொன்னால் பாலும் நாய்த்தீனியும் அதன் பின்னே வரிசையில் வரும் என்று வீரன் அஞ்சினான். அஞ்சியவன் வாளுருவினான். அச்சைத் துடைத்துப் பொறியில் மீண்டும் திருகினான். இடக்கையை இடுப்பில் ஊன்றினான்.

“பாருங்கடா ரெண்டு பேரும்! அம்பது வருஷமா இந்தக் கை எப்படி வேல செய்யுதுன்னு பாருங்க! மொதல்ல கூட்டப் பாக்கணும். பித்தளைய மதிக்கணும். அவசரப்படக் கூடாது. கவனம், கவனம்தான் எல்லாம்...” என்று நெறி முழுதும் எடுத்தோதி, வேறொரு கூட்டை உயர்த்தி ஒளியில் காட்டி, குருதி கொதிக்கும் களிற்றுப்படை முன்னே கொடியேற்றும் கோமகன்போல் அதைப் பொறியில் பொருத்தி, நெய் டப்பா மூடிய மூடியோடு முழங்கையருகே காத்திருக்க, திசை எட்டும் அதிரும் என்று எதிர்பார்த்தவனாய்க் கைப்பிடியை அடிமட்டம் வரை அழுத்தினான், அழுத்தவும் கீச்சென்று அந்த ஒலி மீண்டும் எழ, பொறி இறுக, கைப்பிடி மேலே வர மறுக்க, யோஸ்கோ பிஸ்கட் டப்பாவை மறுபடி திறக்க, கோரல் வானொலியை அணைத்தாள்.

“கிரீஸ் தடவ மறந்துட்டேன்,” என்றார் மெர்வ்.