தோள்முறை ரயில்

ஏழு மலைகளும் ஒரு சமவெளியும் கொண்ட நாடு ஒன்று இருந்தது. மலைகளில் மக்கள் இருந்தார்கள். சமவெளியில் அரசு இருந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்கள் வரிசையில் நின்று மன்னரைத் தேர்ந்தெடுப்பார்கள். யாரெல்லாம் மக்கள் என்பதை மற்ற நாட்களில் மன்னர் தேர்ந்தெடுப்பார்.

மலையூர்களில் கடைசியாக இருந்தது கோம்பைமேடு. அங்கிருந்து அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குப் பதினான்கு கல் தூரம். கல் என்றால் உண்மையிலேயே கல். நடைபாதை ஓரத்தில் இடுப்புயரத்துக்கு நட்டுவைத்த மாற்றுக்கற்கள். நோயாளியைக் கம்பளித் தூளியில் போட்டு மூங்கிலில் கோத்துத் தூக்கி வருவார்கள். ஒவ்வொரு கல்லிலும் மூங்கிலைச் சாய்த்து, அடுத்த ஊர்க்காரர்கள் தோள் மாற்றுவார்கள். இதற்குத் தோள்முறை என்று பெயர். வீட்டுக்கு ஒரு தோள். அதில் ஒரே சட்டம்தான்: உயிர்ச்சுமை முந்தி. உயிர் உள்ள சுமை வந்தால் விறகோ நெல்லோ எதுவானாலும் கீழே வைத்துவிட்டுத் தோள் தர வேண்டும். முடியாது என்று அந்த மலையில் யாரும் சொன்னதில்லை.

கோம்பைமேட்டு மாசாணிக்கு அப்போது ஆறு மாதம். முதல் குழந்தை மழையில் வழி நடுவிலேயே போய்விட்டது. இந்த முறை அடிவாரத்து நர்ஸ் தெளிவாகச் சொல்லியிருந்தாள்: பிள்ளை குறுக்கே கிடக்கிறது, வலி கண்டதும் கீழே வந்துவிட வேண்டும், தாமதித்தால் இரண்டு உயிரும் இருக்காது.

அந்த மாதம்தான் மலைக்கு ரயில் வரும் என்று மன்னர் அறிவித்தார். மறுநாளே முதல் ஆணை வந்தது. ரயில் வரவிருக்கும் மலையில் மக்கள் நடந்து செல்வது ரயிலை நம்பாததற்கு ஒப்பாகும் என்பதால் நடைபாதை மூடப்படுகிறது.

கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குத் தண்டவாள மந்திரி பூபதியார் வந்தார். கருத்துகளைக் கையோடு எழுதியே கொண்டுவந்திருந்தார். அவற்றை வாசித்து முடித்ததும் மாசாணி எழுந்தாள்.

"ரயிலு வேண்டாம்னு சொல்லலீங்க. அது வர்ற வரைக்கும் நாங்க எதுலீங்க போறது?"

மந்திரி புன்னகைத்தார். "ரயிலில்."

"அதான் இன்னும் வரலீங்களே."

"நம்பிக்கையின்மை கருவில் இருக்கும் குழந்தைக்கு நல்லதல்ல, அம்மா" என்றார் மந்திரி. சபைக்குறிப்பில் "பெண்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர்" என்று பதிவாயிற்று.

இரண்டாவது ஆணைப்படி பள்ளிக்கூடம் இருந்த இடம் தண்டவாளத்துக்குப் போயிற்று. மூன்றாவது ஆணைப்படி மாற்றுக்கற்கள் பதினான்கும் உடைக்கப்பட்டு ஜல்லியாயின. நடைபாதையின் மேலேயே அந்த ஜல்லியைக் கொட்டி, அதன் மேல் தண்டவாளம் போட்டார்கள்.

வெள்ளோட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு இஞ்சின் மலையேற மறுத்துவிட்டது. தலைமைப் பொறியாளர் சாரநாதரை மந்திரி அழைத்துக் கேட்டார்.

"சரிவு அதிகம் என்கிறார்களே?"

"வரைபடத்தில் சரிவே இல்லை ஐயா. மேசையில் விரித்துப் பலமுறை பார்த்துவிட்டேன். மிகவும் தட்டையாகத்தான் இருந்தது."

"அப்படியானால் தவறு?"

"மலையின் பக்கம்தான் ஐயா."

விழாத் தேதியை மாற்ற முடியாது. அதற்குப் பிறகு தேர்தல். எனவே பெட்டியை மக்களே மேலே கொண்டுசெல்வது என்று முடிவாயிற்று. தண்டவாளத்தில் வைத்துத் தள்ளலாமே என்று ஒரு எழுத்தர் கேட்டார். மந்திரி அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "தள்ளினால், ரயிலைத் தள்ளுகிறார்கள் என்று எதிர்க்கட்சி சொல்லும். தூக்கினால் அது வரவேற்பு."

நஞ்சம்மாதான் தோள்முறையை ஏவுகிறவள். எந்த வீட்டுத் தோள் எந்தக் கல்லுக்கு என்பது அவள் வாயில் இருந்தது. அவளிடம் சாரநாதர் பேசினார்.

"உள்ளே மந்திரி இருப்பார், நான் இருப்பேன், கொடியோடு கார்டு இருப்பார். மூன்றும் உயிர்கள். உங்கள் வழக்கப்படி இது உயிர்ச்சுமை அல்லவா?"

நஞ்சம்மா யோசித்தாள். உயிர் இல்லை என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை. மலைக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. "சரீங்க" என்றாள்.

அறுபத்து நான்கு பேர் மூங்கில் கொடுத்துப் பெட்டியைத் தூக்கினார்கள். முன்பக்க வலது மூலையில் மாசாணியின் புருஷன் கெம்பன். கற்கள் இல்லாததால் இறக்கிவைக்க இடமில்லை. தோள் மாற்ற ஆளுமில்லை, எல்லா ஊர்த் தோளும் ஏற்கெனவே பெட்டிக்கு அடியில் இருந்தது.

மந்திரி ஜன்னலில் சாய்ந்துகொண்டார். "குலுக்கலே தெரியவில்லை, கவனித்தீரா?"

"உலகத்தரம் ஐயா" என்றார் சாரநாதர்.

கீழே கெம்பனுக்குப் பக்கத்தில் வந்தவன் முணுமுணுத்தான். "இந்தாளு என்னடா இந்தக் கனம் கனக்கறான்."

"பேச்சையெல்லாம் உள்ளயே வெச்சிருக்காரு. மேல போய்த்தான எறக்குவாரு" என்றான் கெம்பன்.

கோம்பைமேட்டிலிருந்து எண்ணினால் ஒன்பதாம் கல் இருந்த இடத்தை நெருங்கும்போது மேலிருந்து கெம்பனின் தங்கை ஓடிவந்தாள். "அண்ணா, அண்ணிக்கு நோவு கண்டுருச்சு. பொம்பளைங்களே நாலு பேரு தூளியில தூக்கிட்டு வர்றாங்க. தாங்க மாட்டீங்குது, சீக்கிரம் வா."

முன்னே நடந்துகொண்டிருந்த நஞ்சம்மா கையை உயர்த்தினாள். "எறக்குங்க."

சாரநாதர் ஜன்னல் வழியே கால அட்டவணையை நீட்டினார். "இங்கே நிறுத்தம் கிடையாது."

"நிறுத்தம் இங்கதாங்க இருந்துச்சு" என்றாள் நஞ்சம்மா. "நீங்கதான் ஒடச்சு ஜல்லியாக்கிப் போட்டீங்க."

அறுபத்து நான்கு தோளும் மெல்லக் குனிந்தன. பெட்டி தண்டவாளத்தில் உட்கார்ந்தது. பிரேக் இரண்டாம் கட்டப் பணியில் இருந்ததால் கெம்பன் ஜல்லிக்கற்களைச் சக்கரத்துக்கு அண்டைகொடுத்தான். "சாமி, இத மட்டும் எடுத்துராதீங்க" என்று சொல்லிவிட்டு ஓடினான்.

கெம்பனும் மூன்று பேரும் தோள் மாற்றிய கம்பளித் தூளி பெட்டியைக் கடந்து இறங்கியது. மாசாணி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஜன்னலில் மந்திரியைப் பார்த்தாள்.

மந்திரி கொஞ்ச நேரம் காத்திருந்தார். "ரயில் ஏன் நிற்கிறது?"

"சக்கரத்தின் கீழ் கல் இருக்கிறது ஐயா."

"வளர்ச்சிக்குக் குறுக்கே கல்லா? எடுங்கள்" என்று சாரநாதரிடமும் கார்டிடமும் சொன்னார்.

எடுத்தார்கள்.

தூளி பன்னிரண்டாம் கல் இருந்த இடத்துக்கு வந்தபோது தண்டவாளம் அதிர்வதைக் கெம்பனின் பாதம் உணர்ந்தது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். ஆனால் கல் போனாலும் கல் நின்ற மேடு போகவில்லை. தலைமுறையாக ஆள் மாற்றி நின்ற இடம், நான்கடி அகலம். "ஒதுங்கு" என்றான். எட்டுக் கால்களும் பார்க்காமலே அந்த மேட்டைக் கண்டுபிடித்தன. பெட்டி காற்றைக் கிழித்துக்கொண்டு கடந்தது. ஜன்னலில் மந்திரி பழக்கத்தின் காரணமாகக் கையசைத்துக்கொண்டிருந்தார்.

பெட்டி அடிவார நிலையத்தைத் தாண்டி, தண்டவாளம் முடிந்த இடத்தையும் தாண்டி, ஒரு நெல்வயலில் நின்றது. சேற்றிலிருந்து எழுந்த மந்திரி, நாட்டின் அதிவேக மலை ரயில் ஓடிவிட்டதாக அறிவித்தார். மாசாணிக்கு ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துப் பெண் குழந்தையை எடுத்தார்கள். இருவரும் பிழைத்தார்கள். அது செய்தியில் வரவில்லை.

நாள்தோறும் காலை எட்டு மணிக்கு ரயில் மலையேறும் என்று ஆணை வந்தது. பெட்டியைக் கழுவி அடிவாரத்தில் நிறுத்தினார்கள். மந்திரி ஏறி அமர்ந்தார். எட்டு மணி ஆயிற்று, பத்து ஆயிற்று. ஒரு தோளும் வரவில்லை. உள்ளே உயிர் இருக்கிறது என்று ஆள் அனுப்பி நினைவூட்டினார்.

நஞ்சம்மாவின் பதில் அன்று மாலை வந்தது. "உசுர்ச்சுமைன்னா நடக்க மாட்டாத உசுரு. மந்திரிக்குக் காலு ரெண்டும் நல்லாத்தான இருக்குது."

அதன் பிறகு இரண்டு தேர்தல்கள் வந்தன. மன்னர்கள் மாறினார்கள். ஒவ்வொருவரும் அந்தப் பெட்டியில் ஏறி, கையசைத்து, படம் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். மலைக்காரர்கள் தண்டவாளத்தின் மேலேயே நடந்து தூளி தூக்கினார்கள். அது சட்டப்படி குற்றம். ஆனால் பிடிக்க மேலே வரக் காவலர்களுக்கும் வேறு வழி இல்லை. மலைப்பள்ளி இடிக்கப்பட்டதை யாரோ நினைவுபடுத்தியதால், அடிவாரத்தில் நின்ற பெட்டியையே பள்ளிக்கூடமாக்கினார்கள். மலைப்பிள்ளைகள் தினமும் பதினான்கு கல் இறங்கி அதில் வந்து உட்கார்ந்தார்கள்.

மாசாணியின் மகள் நான்காம் வகுப்புத் தேர்வை அந்தப் பெட்டியில்தான் எழுதினாள். ஏழாவது கேள்வி: நம் நாட்டின் மலை ரயில் பற்றி ஒரு வரியில் எழுதுக. பாடப்புத்தகத்தில் விடை இருந்தது: மலை ரயில் மிக வேகமாக ஓடுகிறது.

அவள் எழுதினாள்: "நிற்கிறது. நான் அதில்தான் உட்கார்ந்திருக்கிறேன்."

ஆசிரியர் நல்ல மனிதர். பூஜ்யம் போடுவதற்கு முன் அவளைக் கூப்பிட்டார்.

"பாப்பா, பரீட்சையில இதெல்லாம் எழுதக் கூடாது."

"அப்புறம் எதுல சார் எழுதறது?"